மருந்துக்கடைக்குப் போகும் முன் வயலுக்குள் இறங்குங்கள்: செட்டிநாட்டுப் பக்கம் புதிதாக விவசாயம் பார்க்க வந்தவர்களுக்கு

ஒரு மஞ்சள் இலையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, கீழே “என்ன மருந்து அடிக்கலாம் அண்ணே?” என்று ஒரு வரி. கார்த்திகை பிறந்துவிட்டால் எனக்கு இப்படி வாரத்துக்கு நாலு வரும். அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் சென்னையிலோ சிங்கப்பூரிலோ பத்துப் பதினைந்து வருடம் இருந்துவிட்டு, ஐயா காலத்து நிலம் சும்மா கிடக்கிறதே என்று காரைக்குடி, தேவகோட்டை, கல்லல் பக்கம் திரும்பி வந்தவர்கள். ஒற்றை இலையைப் பார்த்து என்னால் மருந்து சொல்ல முடியாது. கடைக்காரர் சொல்லிவிடுவார், சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டி விரல் வலிக்கிறது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. “நாங்க மருந்தே அடிக்கப் போறதில்ல” என்று வருகிறவர்களை நான் கேலி செய்ய மாட்டேன், ஆனால் நம் ஊர் நிலவரம் அவர்களுக்குத் தெரிய வேண்டும். காவிரிப் பாசனம் மாதிரி இங்கே இரண்டு மூன்று போகம் கிடையாது. ஐப்பசி கார்த்திகை மழையில் கண்மாய் பெருகினால் ஒரு போகம், அவ்வளவுதான். அது போனால் அடுத்த வாய்ப்புக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். உலகத்தில் விளைவதில் 40 சதவீதம் வரை பூச்சிக்கும் நோய்க்கும் போய்விடுகிறது என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு சொல்கிறது. ஒரு போகக்காரனுக்கு அந்த நாற்பது என்பது வீட்டு அரிசி, விதை நெல், கடன் தவணை மூன்றும் சேர்ந்தது. அப்புறம், உணவு எங்கிருந்தோ வந்துவிடும் என்ற நம்பிக்கையும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. நகரத்தார் வட்டிக்குக் கொடுத்த பணத்தில் பர்மாவின் ஐராவதிப் படுகையில் நெல் விளைந்தது, அந்த அரிசி கப்பலேறி இந்தப் பக்கம் வந்தது. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் வரத்து நின்றது. நம் வயலில் விளைவதைக் காப்பாற்றும் வேலையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

விதைக்கும்போதே பாதிப் பாதுகாப்பு

நம் பக்கம் நிறையப் பேர் நாற்று விட்டு நடுவதில்லை, ஆவணி புரட்டாசியில் புழுதியில் நேரடியாக விதைத்துவிட்டு மழையை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். ரகம் தேர்ந்தெடுக்கும்போது பக்கத்து ஊரில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் பார்க்காமல், வறட்சி தாங்குமா, எத்தனை நாள் ரகம் என்றும் பாருங்கள். பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் 2009-இல் வெளியிட்ட அண்ணா 4 இந்த மாதிரி மானாவாரி நேரடி விதைப்புக்கென்றே வந்தது, நூறு நாளை ஒட்டி அறுவடைக்கு வந்துவிடும். குறுகிய கால ரகம் என்றால் பூச்சிக்கு விருந்து வைக்கும் நாட்களும் குறைவு.

விதை நேர்த்தியை யாரும் தவிர்க்காதீர்கள். ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள்) கலந்து விதைத்தால் குலைநோய் போன்றவற்றை ஆரம்பத்திலேயே ஓரளவு தடுக்கலாம். ஒரு ஏக்கருக்கு இதற்கு ஆகும் செலவு இரண்டு பேர் ஹோட்டலில் சாப்பிடும் காசுதான்.

விதைப்புக் கருவி வாடகைக்குக் கிடைத்தால் கைவிதைப்பை விட்டுவிட்டு வரிசையில் போடுங்கள். வரிசை இருந்தால் உள்ளே நடக்கலாம், களை எடுக்கலாம், காற்று ஓடும், பின்னால் மருந்து அடிக்க வேண்டி வந்தாலும் அடித்தூர் வரை போய்ச் சேரும். வேளாண் பொறியியல் துறையின் கருவிகளை உழவன் செயலி வழியாகவே இ-வாடகையில் பதிவு செய்யலாம். சீசனில் பதிவுக்குக் காத்திருப்பவர்கள் அதிகம், ஆடியிலேயே கேட்டு வையுங்கள்.

புழுதி விதைப்பில் முதல் எதிரி பூச்சி இல்லை, களை. நெல்லும் புல்லும் ஒன்றாக முளைத்து, ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எது எது என்றே தெரியாது. கையால் எடுக்க ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் எல்லாருக்கும் ஒரே வாரத்தில்தான் வேண்டும். களைக்கொல்லியை நான் கைவிடாததற்கு இதுதான் காரணம். முளைக்கும் முன் அடிப்பது ஒரு வகை: விதைத்து மழையில் நிலம் நனைந்த மூன்று முதல் ஐந்து நாளுக்குள் பெண்டிமெத்தலின் போன்றவை, மண்ணில் ஈரம் இருந்தால்தான் வேலை செய்யும். முளைத்தபின் அடிப்பது இன்னொரு வகை: களை மூன்று நாலு இலையில் இருக்கும்போது பிஸ்பைரிபாக் சோடியம் போன்றவை, தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு அடித்து இரண்டு மூன்று நாளில் மறுபடி தண்ணீர் கட்ட வேண்டும். களை முழங்கால் உயரம் வந்தபின் அடித்துவிட்டு மருந்து சரியில்லை என்று சொல்லக்கூடாது. களைக்கொல்லி அடித்த தெளிப்பானில் பூச்சிமருந்தை ஊற்றாதீர்கள், இரண்டுக்கும் தனித்தனி டேங்க் வைத்துக்கொள்ளுங்கள். என்னதான் கழுவினாலும் ஓரத்தில் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

எண்ணுங்கள், பிறகு அடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

வாரம் ஒருநாள், காலை வெயில் ஏறும் முன், வயலுக்குள் குறுக்காக நடங்கள். வரப்பில் நின்று பார்ப்பது பார்ப்பதே இல்லை. பத்து இடத்தில் நின்று, பயிரை விலக்கி, அடித்தூர் வரை குனிந்து பாருங்கள். ஒரு நோட்டில் எழுதுங்கள். வேளாண் பல்கலைக்கழகம் ஒவ்வொரு பூச்சிக்கும் ஓர் எல்லைக் கணக்கு வைத்திருக்கிறது, பொருளாதாரச் சேதநிலை என்பார்கள். அந்த எல்லைக்குக் கீழே இருந்தால் மருந்துச் செலவு பூச்சி தின்பதைவிட அதிகம்.

குருத்துப்பூச்சி: சதுர மீட்டருக்கு இரண்டு முட்டைக்குவியல், அல்லது நூறு தூரில் பத்தில் நடுக்குருத்து காய்ந்திருந்தால் எல்லையைத் தொட்டுவிட்டது. கதிர் வந்தபின் என்றால் வெண்கதிர் இரண்டு சதவீதம். இலைச்சுருட்டுப்புழு: பயிர் வளரும்போது பத்து சதவீத இலை, பூக்கும்போது கண்ணாடி இலையில் (கதிரை ஒட்டிய கடைசி இலை) ஐந்து சதவீதம். கதிர்நாவாய்ப்பூச்சி: பூக்கும்போது நூறு கதிருக்கு ஐந்து, பால் பிடித்தபின் பதினாறு. புகையான் (அடித்தூரில் சாறு உறிஞ்சும் பூச்சி): தூருக்கு ஒன்று. ஆனால் குத்துக்கு (பல தூர் சேர்ந்த ஒரு செடிக்கு) ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம்.

கடைசிக் கணக்கில் சிலந்தியும் இருக்கிறது, பார்த்தீர்களா? அதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். ஊருக்கு வந்த முதல் வருடம், இலையில் வெள்ளை வெள்ளையாகச் சுருட்டுப்புழுவின் கோடுகள். எவ்வளவு என்று எண்ணவில்லை. கடையில் போய்ப் படத்தைக் காட்டினேன். இரண்டு மருந்து, அதோடு ஒரு டானிக், மூன்றையும் ஒன்றாகக் கலக்கி அடிக்கச் சொன்னார்கள். ரசீது தரவில்லை, நானும் கேட்கவில்லை. அடித்தேன், புழு போனது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று வாரம் கழித்துப் பக்கத்துச் செய்க்காரர் (செய் என்றால் வயல்) வரப்பில் நின்று கூப்பிட்டார். “என்னப்பு, செய்க்கு நடுவுல யாரோ வட்டமாப் பாய விரிச்சுத் தீய வச்ச மாதிரில்ல இருக்கு?” புகையான். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

நடந்தது என்னவென்றால், அந்த இரண்டில் ஒன்று சைபர்மெத்ரின் வகை மருந்து. அது சுருட்டுப்புழுவைக் கொன்றது, கூடவே புகையானைத் தின்றுகொண்டிருந்த சிலந்தியையும் கொன்றது. காவல்காரன் செத்த வீட்டில் திருடனுக்கு என்ன பயம். இதை ஒரு நாடே அனுபவித்திருக்கிறது. இந்தோனேசியாவில் நெல்லுக்கு மருந்தைக் கொட்டக் கொட்டப் புகையான் பெருகிக்கொண்டே போய், 1986-இல் அந்த அரசு நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளை ஒரே உத்தரவில் தடை செய்தது. எதைக் கொல்லக் கூடாது என்பதும் பயிர் பாதுகாப்புதான் என்று உலகம் பேச ஆரம்பித்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

புகையான் வந்தால் முதலில் யூரியாவை நிறுத்துங்கள், தண்ணீரை வடித்துக் காயவிட்டுக் கட்டுங்கள், எட்டடிக்கு ஒருமுறை ஓரடி அகலத்துக்குப் பயிரை விலக்கி வழி விடுங்கள். எல்லை தாண்டினால் பைமெட்ரோசின் மாதிரி புகையானுக்கென்றே இருக்கிற மருந்து, அதுவும் இலைமேல் அல்ல, அடித்தூரில் படும்படி.

மருந்துக்கு முன்னால் செய்யக்கூடிய சில

விளக்குப்பொறி, ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப்பொறி, பறவை உட்கார நாலு தென்னை மட்டை. இவை பூச்சியை முழுக்க அழிக்காது, வந்துவிட்டது என்று தகவல் சொல்லும். டிரைக்கோகிரம்மா (பூச்சிகளின் முட்டைக்குள் வளரும் பொடிக்குளவி) முட்டை ஒட்டுண்ணி அட்டை கிடைத்தால் விடாதீர்கள். ஒரு சி.சி. அட்டையில் சுமார் 20,000 முட்டை, ஏக்கருக்கு 2 சி.சி., வார இடைவெளியில் மூன்று முறை, அந்தக் குளவி குருத்துப்பூச்சியின் முட்டைக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும். அட்டை கட்டிய வாரத்தில் பூச்சிமருந்து அடித்தால் அந்தக் காசு தண்ணீரில் போட்டது. எங்கே கிடைக்கும் என்று குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். பயிரை வேரோடு பிடுங்கி ஒரு பையில் போட்டு எடுத்துப் போனால் ஆளைப் பார்த்து நேரிலேயே கேட்கலாம், என் வாட்ஸ்அப்பைவிட அது நூறு மடங்கு மேல்.

வேப்பங்கொட்டைக் கரைசல் ஐந்து சதவீதம்: ஐந்து கிலோ பருப்பை இடித்துத் துணியில் கட்டி இரவு முழுக்க ஊறவைத்து, பிழிந்து, மொத்தம் 100 லிட்டர் ஆக்கிக் கொஞ்சம் காதி சோப்பு கலந்து சாயங்காலம் அடிக்க வேண்டும். இதுவும் பூச்சிமருந்துதான் என்பதை இயற்கை விவசாய நண்பர்கள் கோபப்படாமல் ஒத்துக்கொள்ள வேண்டும்.

புஞ்சையில் கடலை போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் நல்ல மழை பெய்த மறுநாள் இரவுகளில் சிவப்புக் கம்பளிப்புழுவின் தாய்ப்பூச்சி கூட்டமாகக் கிளம்பும். அன்றைக்கு ஊரே சேர்ந்து விளக்கு வைத்தால் ஆயிரக்கணக்கில் விழும். ஒருவர் மட்டும் வைத்தால் பக்கத்துக் காட்டுப் பூச்சியையும் தன் காட்டுக்கு அழைத்துக்கொண்ட கதையாகிவிடும்.

தென்னையில் இலைக்கடியில் வெள்ளையாகச் சுருள் சுருளாக ஈ அப்பியிருந்தால், அதற்குக் கண்டிப்பாகப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தெரிய ஆரம்பித்த சுருள் வெள்ளை ஈ அது. அதைத் தின்கிற என்கார்சியா என்ற பொடிக்குளவி தானாகவே வந்து சேரும், மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவி. தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், பொறுங்கள்.

எலிக்குத் தஞ்சாவூர் கிட்டி (மூங்கில் வில் பொறி) வையுங்கள். விஷம் வைத்தே ஆக வேண்டும் என்றால் வளைக்குள் வைத்து வாயை மூடுங்கள். வரப்பில் இறைத்தால் மயில் தின்னும். நம் ஊர்ப்பக்கம் மயில் நெல்லைத் தின்று அழிச்சாட்டியம் பண்ணுவது உண்மைதான், நானே திட்டியிருக்கிறேன். ஆனாலும் அது வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, செத்தால் வழக்கு, ஜெயில். அதோடு குன்றக்குடிக்காரருடைய வாகனம் வேறு.

கடையில்

எல்லை தாண்டிவிட்டது, அடித்தே ஆக வேண்டும். கடையில் பூச்சியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், “நல்ல மருந்தாக் கொடுங்க” என்று கேட்காதீர்கள். டப்பாவில் ஒரு சாய்சதுரம் இருக்கும், அதன் கீழ்ப்பாதி நிறத்தைப் பாருங்கள்: சிவப்பு மிகக் கடும் நஞ்சு, அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், பச்சை குறைந்தது. ஒரே வேலைக்கு நீலமோ பச்சையோ இருக்கும்போது சிவப்பைத் தொட வேண்டியதில்லை. பயிர் பெயர் லேபிளில் இருக்கிறதா, காலாவதித் தேதி, தொகுப்பு எண், ரசீது. ரசீது இல்லாத மருந்து போலியாக இருந்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? எண்டோசல்பானை 2011-இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. மோனோகுரோட்டோபாசைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை வந்துவிட்டது. பழைய டப்பா வீட்டில் கிடந்தால்கூட எடுக்காதீர்கள்.

இன்னொன்று, பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர், மருந்தின் பெயர் அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படியுங்கள். போன தடவை இமிடாகுளோபிரிட், இந்தத் தடவை தயாமீதாக்சாம் என்று மாற்றிவிட்டதாக நினைப்பீர்கள், இரண்டும் ஒரே குடும்பம். ஒரே குடும்பத்து மருந்தையே திரும்பத் திரும்ப அடித்தால் தப்பிப் பிழைத்த பூச்சியின் வம்சம் அதற்குப் பழகிவிடும். அந்த வருடம் வேலை செய்த மருந்து நாலு வருடத்தில் தண்ணீராகிவிட்டது என்று புலம்புவதெல்லாம் இதனால்தான்.

அளவு, அடிக்கிற விதம்

“டேங்குக்கு ஒரு மூடி” என்பது அளவு இல்லை. லேபிளில் இருப்பது ஏக்கர் கணக்கு. உதாரணத்துக்கு, குருத்துப்பூச்சிக்கு குளோரன்ட்ரனிலிப்ரோல் 18.5 சதவீதம் ஏக்கருக்கு 60 மி.லி. உங்கள் டேங்க் 16 லிட்டர். முதலில் வெறும் தண்ணீரை நிரப்பி வழக்கமான நடையில் அடித்துப் பாருங்கள். ஒரு டேங்க் 8 சென்ட் தாங்கினால் ஏக்கருக்குப் பன்னிரண்டரை டேங்க், அதாவது 200 லிட்டர், டேங்குக்குக் கிட்டத்தட்ட 5 மி.லி. பத்து சென்ட் தாங்கினால் பத்து டேங்க், 6 மி.லி. ஆளுக்கு ஆள், நாசிலுக்கு நாசில் இது மாறும், அதனால்தான் பக்கத்து வயல் கணக்கு உங்களுக்கு ஒத்துவராது. பூச்சிமருந்துக்குக் கூம்பு நாசில், களைக்கொல்லிக்கு விசிறி நாசில்.

காலை பத்து மணிக்குள், இல்லையென்றால் நாலு மணிக்கு மேல். காற்று போகிற திசையில் நடங்கள், எதிரே நடக்காதீர்கள். மழை வரும் போலிருந்தால் தள்ளிப் போடுங்கள். வானிலை சொல்லும் மேகதூத் செயலியில் பார்த்துக்கொள்ளலாம், எங்கள் அப்பத்தா கிழக்கே பார்த்துச் சொன்னதும் அதற்குச் சளைத்ததில்லை. முழுக்கை சட்டை, கையுறை, முகக்கவசம், கண்ணாடி. கலக்கக் கையை விடாதீர்கள், குச்சி எடுங்கள். நாசில் அடைத்தால் வாயால் ஊதுகிற பழக்கம் இன்னமும் இருக்கிறது, பார்த்தால் சண்டை போடுங்கள். கூலிக்கு அடிக்க வருகிறவருக்கும் இதெல்லாம் நீங்கள்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும், “அவுகளுக்குப் பழக்கம்” என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். அடித்து முடித்ததும் சோப்புப் போட்டுக் குளியல், துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

டேங்கைக் கண்மாயிலோ வாய்க்காலிலோ கழுவாதீர்கள். அதில் மீன் இருக்கிறது, மாடு குடிக்கிறது. காலி டப்பாவை மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரையும் டேங்கிலேயே ஊற்றி அடித்துவிட்டு, டப்பாவில் ஓட்டை போடுங்கள். மிச்ச மருந்தை வேறு பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. எங்கள் வீட்டிலேயே ஒருமுறை குளிர்பான பாட்டிலில் வைத்து, விருந்துக்கு வந்த பிள்ளை மூடியைத் திறந்துவிட்டது, நாற்றம் அடித்ததால் தப்பித்தோம். தலைசுற்றல், வாந்தி, கண்பாவை சுருங்குவது, எச்சில் வடிவது தெரிந்தால் உடனே 108. மருந்து டப்பாவைக் கையோடு கொண்டுபோங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

டிரோன்

இப்போது எல்லாரும் கேட்பது இது. ஏக்கருக்கு 200 லிட்டருக்குப் பதில் பத்து லிட்டர், ஏழிலிருந்து பத்து நிமிடம், ஆள் வயலுக்குள் இறங்கவே வேண்டாம். ஒரே வாரத்தில் ஊர் முழுக்க இலைச்சுருட்டு வந்து ஆள் கிடைக்காமல் திண்டாடும்போது இது வரம்தான். ஆனால் தண்ணீர் குறைவதால் கரைசல் கெட்டி, காற்றில் பக்கத்துக் காய்கறித் தோட்டத்துக்கோ கண்மாய்க்கோ போனால் பாதிப்பும் அதிகம். தூறலாக மேலே விழுவதால் அடித்தூரில் இருக்கிற புகையானுக்கு அவ்வளவு தோதுப்படாது என்பது என் அனுபவம். டிரோனில் அடிக்க அனுமதித்த மருந்துதானா, ஓட்டுகிறவரிடம் தொலைநிலை விமானிச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். பக்கத்து வயல்காரரிடம் முதல்நாளே சொல்லிவிடுங்கள். தேனீப் பெட்டி வைத்திருப்பவர் யாரென்று ஊரில் தெரியும்தானே.

அடித்த பிறகு

லேபிளில் காத்திருப்புக் காலம் என்று ஒன்று இருக்கும், மருந்து அடித்ததற்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாட்கள். நெல்லில் பெரும்பாலும் இடைவெளி கிடைத்துவிடும். வில்லங்கம் மிளகாய், கத்தரி, கொத்தவரையில்தான். இன்று அடித்து நாளை மறுநாள் சந்தைக்கு எடுத்துப் போகிறார்கள். நம் வீட்டுக் குழம்பில் எவ்வளவு மிளகாய் அரைபடுகிறது என்று யோசித்தால் போதும், அந்த நாட்களை விட்டுத்தான் பறிப்பீர்கள்.

எந்தத் தேதி, எந்தச் செய், என்ன மருந்து, எத்தனை டேங்க் என்று அதே நோட்டில் எழுதுங்கள். சந்தேகம் வந்தால் 1800-180-1551, கிசான் கால் சென்டர், தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, களத்துக்கு வந்த நெல்லையும் காப்பாற்ற வேண்டும். அறுவடை இயந்திரத்தில் வரும் நெல் ஈரமாக இருக்கும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரம் வரை எடுப்பார்கள், வீட்டில் வைக்க 14-க்குக் கீழே வர வேண்டும். காற்றுப் புகாத உள்பை கிடைக்கிறது, விதை நெல்லுக்காவது அதை வாங்குங்கள். மூட்டைக்குள் வாயு மாத்திரை போடும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது அலுமினியம் பாஸ்பைடு, ஈரம் பட்டால் கிளம்பும் வாயு தூங்குகிறவரைக் கொன்றுவிடும், பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்கள் கிட்டங்கியில் போடுவது, ஆள் குடியிருக்கும் வீட்டில் அதற்கு இடமே கிடையாது. பதிலாக, வேளாண் பல்கலைக்கழகம் வடிவமைத்த துளைக்குழாய்ப் பொறி ஒன்று இருக்கிறது, மூட்டையில் செருகி வைத்தால் வண்டு அதற்குள் விழும். வாரம் ஒருமுறை உருவிப் பாருங்கள். வண்டு விழ ஆரம்பித்துவிட்டால் நெல்லை வளவு முற்றத்தில் கொட்டி இரண்டு நாள் வெயில் காட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.